பணம் போன அளவுக்கு வேலை நடந்ததா? – கட்டுமானக் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: வேலை இழுக்கிறது, செலவு ஏறுகிறது, கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். சேலம் வட்டாரத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த ஏழு கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

1,200 சதுர அடி வீடு. மெட்டீரியலோடு சதுர அடி 2,500 ரூபாய், மொத்தம் 30 லட்சம் என்று கான்ட்ராக்ட் விட்டோம். எட்டு மாதத்தில் சாவி தருவதாகப் பேச்சு. ஐந்து மாதம் ஆகிவிட்டது, 21 லட்சம் கொடுத்துவிட்டோம். ரூஃப் போட்டாயிற்று, உள்பூச்சு பாதி ஆகியிருக்கிறது. "வேலை முக்கால்வாசி முடிஞ்சுதுங்க, இன்னும் 3 லட்சம் குடுங்க" என்கிறார் மேஸ்திரி. கொடுக்கலாமா?
– வாசகி, அம்மாப்பேட்டை

இப்போது கொடுக்காதீர்கள். முக்கால்வாசி முடியவில்லை, பாதியைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது. ரூஃப் போட்டதும் வீடே முடிந்த மாதிரி கண்ணுக்குத் தெரியும். செலவில் ஏறக்குறைய பாதி அதற்குப் பிறகுதான் வரும்.

வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று போட்டுவிட்டால் வாக்குவாதம் தீர்ந்துவிடும். உங்கள் அளவு வீட்டுக்கு ஏறத்தாழ இப்படி வரும்: கடைக்கால், பேஸ்மெண்ட் 15, பில்லரும் லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை) வரை சுவரும் 15, அதற்கு மேல் சுவரும் ரூஃபும் 20, பூச்சு 15, அதில் உள்பக்கம் 9, வெளிப்பக்கம் 6, தரை, டைல்ஸ் 10, மின்சாரம், பிளம்பிங் 12, கதவு ஜன்னல் 8, பெயிண்டும் சில்லறை வேலையும் 5. உங்கள் ஒப்பந்தத்தில் தேக்குக் கதவோ விலை கூடிய டைல்ஸோ இருந்தால் கணக்கு அந்தப் பக்கம் நகரும்.

ரூஃப் வரை 50. உள்பூச்சில் பாதி 4.5. தளத்திலும் சுவரிலும் பைப் பதித்ததற்கு 3 என்று வைத்தால் 57.5 சதவீதம். ரூபாயில் 17.25 லட்சம். நீங்கள் கொடுத்தது 21 லட்சம். ஆக 3.75 லட்சம் அதிகமாகப் போயிருக்கிறது.

எட்டு மாதக் கணக்குப்படி ஐந்தாம் மாதக் கடைசியில் பூச்சு முழுக்க முடிந்து 68 சதவீதத்தில் நிற்கவேண்டும். மாதத்துக்கு 11.5 சதவீதம் என்ற இதுவரையிலான வேகத்தில் போனால் மீதி 42.5 சதவீதத்துக்கு இன்னும் மூன்றே முக்கால் மாதம் பிடிக்கும். தாமதம் மூன்று வாரம்தான். அதைவிடப் பயப்படவேண்டிய கணக்கு வேறு: மீதி வேலையின் மதிப்பு 12.75 லட்சம், உங்கள் கையில் இருப்பது 9 லட்சம். இன்றைக்கு அவர் வேலையைப் போட்டுவிட்டுப் போனால் நஷ்டம் முழுக்க உங்கள் தலையில்.

அதற்காகச் சண்டை போட்டு வேலையை நிறுத்தவும் வேண்டாம். பாதியில் நின்ற வீட்டை எடுக்கிற அடுத்த ஆள் பழைய ரேட்டுக்கு எடுக்கமாட்டார். பூச்சு உள்ளும் புறமும் முடிந்தால் 68, பாதி அறைகளில் டைல்ஸ் முழுக்க ஒட்டி முடிந்தால் 73. நீங்கள் ஏற்கெனவே கொடுத்த 70 சதவீதம் அந்த இடத்தில்தான் ஈடாகிறது. அதுவரை ரொக்கம் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அவர் கையில் பணமில்லாமல் ஆட்கள் நின்றுவிடும் நிலை வந்தால், டைல்ஸ், ஒயர், பாத்ரூம் சாமான்களை நீங்களே கடையில் பில் போட்டு வாங்கி ஒப்பந்தத் தொகையில் கழியுங்கள். கொத்தனார் கூலியை மட்டும் சனிக்கிழமை உங்கள் முன்னால் பட்டுவாடா செய்யச் சொல்லுங்கள்.

கம்பி கட்டி கான்கிரீட் போடாத தளம், வாசலில் கொட்டிய எம்-சாண்ட், ஒரு சுவர் மட்டும் பூசிய அறை இவற்றையெல்லாம் முடிந்த கணக்கில் சேர்க்கவே கூடாது. நாங்கள் மேலே பாதிப் பூச்சுக்கு 4.5 கொடுத்தது நிலவரம் தெரிவதற்காக. பணம் கொடுக்கும்போது பாதிக்குப் பூஜ்யம்தான். கடைசி 5 சதவீதத்தை, உங்கள் கணக்கில் ஒன்றரை லட்சத்தை, குடிபோய் ஒரு மழைக்காலம் பார்த்த பிறகே கொடுங்கள்.

மலையடிவாரத்தில் மனை. ஒப்பந்தத்தில் "கடைக்கால் 5 அடி ஆழம்" என்று மட்டும் இருக்கிறது. தோண்டினால் 3 அடியில் பாறை. ஒன்பது குழிகள், ஒவ்வொன்றும் 5 அடிக்கு 5 அடி. பாறை உடைக்க ஒன்றரை லட்சம் கூடுதலாகக் கேட்கிறார் கான்ட்ராக்டர். இது யார் செலவு?
– வாசகர், கன்னங்குறிச்சி

ஒப்பந்தத்தில் பாறை பற்றிப் பேச்சே இல்லை என்றால் பெரும்பாலும் மனைக்காரர் தலையில்தான் விழும். மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று விசாரிக்காமல் விலை பேசியதில் இருவருக்கும் பங்கு உண்டு. ஆனால் பணம் பற்றிப் பேசுவதற்கு முன் வேறொரு கேள்வி இருக்கிறது: அந்தப் பாறையை உடைக்கத்தான் வேண்டுமா?

5 அடி என்று எழுதியது மண்ணை நினைத்து. 3 அடியில் கிடைத்தது நிஜமான தாய்ப்பாறையாக இருந்தால் அதன் தாங்குதிறன் மண்ணைவிடப் பல மடங்கு. மேல்மட்டத்தைச் சமன்செய்து, ஊசலாடும் சில்லுகளை எடுத்துவிட்டு, துளைபோட்டுக் கம்பி நட்டு, அங்கேயே ஃபுட்டிங் (பில்லரின் அடிக் கான்கிரீட்) போட உங்கள் டிசைன் இன்ஜினியர் சம்மதிக்கலாம். அப்படி நடந்தால் செலவு கூடுவதற்குப் பதில் குறையும்.

அது தாய்ப்பாறையா, உருண்டைக் கல்லா என்று பார்ப்பது முக்கியம். சேர்வராயன் மலையும் அதன் அடிவாரமும் சார்னகைட் பாறை. அது மட்கும்போது நடுவில் பெரிய உருண்டைகள் மட்காமல் தங்கிவிடும், சுற்றிலும் செம்மண். மேலே கடப்பாரை பட்டால் கணீரென்று கேட்கும். கீழே 2 அடியில் பொலபொலவென்று மண் இருக்கும். ஒவ்வொரு குழியிலும் இரண்டு இடத்தில் 5 அடி ஆழத்துக்கு டிரில் இறக்கிப் பாருங்கள். தூள் கடைசிவரை ஒரே நிறத்தில் வந்தால் நல்லது. பாதியில் செந்தூளாக மாறினாலோ, டிரில் திடீரென்று தானாக இறங்கினாலோ அது உருண்டைக் கல். அதன்மேல் ஃபுட்டிங் போடக்கூடாது.

ஒன்பது குழியில் ஆறு பாறையிலும் மூன்று மண்ணிலும் நிற்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். மண்ணில் நிற்கும் பில்லர் கொஞ்சம் இறங்கும், பாறையில் நிற்பது இறங்காது. இரண்டுக்கும் நடுவிலுள்ள சுவரில் சாய்வாக வெடிப்பு ஓடும். எல்லாவற்றையும் பாறைவரை இறக்கவேண்டும். முடியாவிட்டால் வித்தியாச இறக்கத்துக்குத் தனியாக டிசைன் செய்யவேண்டும். மேலே மணல் பரப்பினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள்.

உடைத்தே ஆகவேண்டும் என்றால் அளவு இதோ: 5 × 5 × 2 அடி, ஒன்பது குழிக்கு 450 கன அடி, அதாவது நாலரை யூனிட். ஒன்றரை லட்சத்தை வகுத்தால் யூனிட்டுக்கு 33,000 ரூபாய்க்கு மேல். பிரேக்கர் வாடகை மணிக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்று கேட்டு இந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். அக்கம்பக்கம் வீடு இருந்தால் வெடி வைப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம். துளையில் ஊற்றினால் விரிந்து பாறையைப் பிளக்கும் பவுடர் கிடைக்கிறது.

இனி கட்டப்போகிறவர்கள் ஒப்பந்தம் போடுமுன் மனையின் இரண்டு எதிர் மூலையிலும் நடுவிலும் ஜே.சி.பி. வைத்து ஆறடிக் குழி எடுத்துப் பாருங்கள். அரைநாள் வாடகைதான். ஒப்பந்தத்தில் மண், கிராவல், மட்கிய பாறை, கடும்பாறை என்று நான்கு ரேட் எழுதிவிடுங்கள்.

எம்25 ரெடிமிக்ஸ், 6 கன மீட்டர் வீதம் மூன்று லாரி. இரண்டாவது லாரி பம்பில் ஏறவில்லை என்று டிரைவர் மூன்று குடம் தண்ணீர் ஊற்றிவிட்டார். தளம் போச்சா?
– வாசகர், ஃபேர்லண்ட்ஸ்

போகவில்லை. குடத்துக்கு 15 லிட்டர் என்றால் கன மீட்டருக்கு ஏழரை லிட்டர் கூடியிருக்கிறது. கன மீட்டருக்கு 5 லிட்டர் கூடினால் ஸ்லம்ப் (கலவையின் இளக்க அளவு) ஏறத்தாழ 25 மி.மீ. ஏறும், வலு சதுர மி.மீ.க்கு 1 முதல் 1.4 நியூட்டன் வரை குறையும். ஆக உங்களுக்கு 2 வரை போயிருக்கலாம். எம்25 என்பதில் 25 என்பது 28 நாளில் வரவேண்டிய வலு; பிளாண்டில் அந்த 25-ஐ நோக்கிக் கலப்பதில்லை, 31-ஐ ஒட்டிக் கலப்பார்கள். அந்த இடைவெளி உங்களைக் காப்பாற்றும். மூன்று குடம் பத்துக் குடம் ஆகியிருந்தால் பதில் வேறு.

தண்ணீர் ஊற்றியதற்கு முன் எடுத்த கியூப் (நசுக்கி வலு பார்க்கும் கான்கிரீட் கட்டி) எதையும் சொல்லாது, பம்ப் முனையில் எடுத்ததுதான் கணக்கு. 18 கன மீட்டருக்கு ஐ.எஸ். 456 என்கிற கான்கிரீட் விதிநூல் கேட்பது மூன்று சாம்பிள், சாம்பிளுக்கு மூன்று கியூப். ஏழாம் நாள் பார்க்கத் தனியாக மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். 28 நாள் வலுவில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு அப்போதே தெரியவேண்டும். குறைந்தால் உடனே இடிக்கச் சொல்லி மிரளவேண்டாம். குறைந்தது மூன்று இடத்தில் கோர் (தளத்திலிருந்தே துளைத்தெடுக்கும் உருளைத் துண்டு) எடுத்துப் பார்க்கலாம். சராசரி அந்த 25-இல் 85 சதவீதமும், எந்த ஒன்றும் 75-க்குக் கீழே போகாமலும் இருந்தால் தளத்தை ஏற்றுக்கொள்ளலாம்.

அடுத்த முறை லாரிச் சீட்டில் கலவை ஏற்றிய நேரத்தைப் பாருங்கள். ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கவேண்டும் என்பது விதி. ஆர்டர் கொடுக்கும்போதே பம்புக்கு என்று சொல்லி ஸ்லம்ப்பைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். இறுகிவிட்டால் பிளாண்ட் ஆள் மூலம் அட்மிக்சர் (கலவையை இளக்கும் ரசாயனம்) சேர்க்கட்டும். குடம் தளத்துக்குப் பக்கத்தில் இருக்கவே கூடாது.

ஏற்காட்டில் 10 அடி உயரக் கருங்கல் தடுப்புச் சுவர். மழைக்குப் பிறகு நடுவில் வயிறு தள்ளி நிற்கிறது. மேலே ஹோம்ஸ்டே கட்ட நினைத்திருந்தோம். சுவரைத் தடிமனாக்கினால் போதுமா?
– வாசகர், ஏற்காடு

போதாது. உங்கள் சுவரைத் தள்ளுவது மண் மட்டுமல்ல, அதன் பின்னால் தேங்கிய தண்ணீர். 3 மீட்டர் உயரச் சுவருக்குப் பின்னால் சமதளமாக உலர்ந்த மண் இருந்தால் ஒரு மீட்டர் நீளத்துக்குத் தள்ளும் விசை 2.7 டன் அளவில் இருக்கும். அதே மண்ணில் மேல்வரை தண்ணீர் நின்றுவிட்டால் 6 டன்னை நெருங்கிவிடும். சுவரைத் தடிமனாக்குவதைவிடத் தண்ணீருக்கு வழிவிடுவது மலிவு.

முதலில் சுவர் இன்னும் நகர்கிறதா என்று பாருங்கள். வயிறு தள்ளிய இடத்தில் மேலிருந்து தூக்குக்குண்டு விட்டு, நூலுக்கும் கல்லுக்கும் உள்ள இடைவெளியை வாரம் ஒருமுறை ஸ்கேலில் அளந்து தேதியோடு எழுதுங்கள். வெடிப்பின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்ட் வைத்து ஒட்டுங்கள்; நகர்ந்தால் உடையும். வாரா வாரம் அளவு மாறுகிறது என்றால் கீழே யாரும் தங்கக்கூடாது, மேலே தண்ணீர்த் தொட்டியோ ஜல்லிக் குவியலோ இருக்கக்கூடாது. அப்படிப்பட்ட சுவரைப் பழுது பார்க்க நினைக்காதீர்கள், பிரித்துக் கட்டுங்கள்.

பிரிக்கும்போது முழு நீளத்தையும் ஒரே நாளில் பிரித்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. 2 அல்லது 3 மீட்டர் துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்று பிரித்துக் கட்டி, அவை நின்ற பிறகு இடையில் உள்ளவற்றுக்கு வாருங்கள். சுவருக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்கு ஒன்றரை அங்குல ஜல்லி, அதற்கும் மண்ணுக்கும் நடுவில் தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி. துணி இல்லையென்றால் இரண்டு மழையில் செம்மண் கரைந்து வந்து ஜல்லியை அடைத்துவிடும். தண்ணீர் வெளியேற, சுவரின் ஊடே 75 முதல் 100 மி.மீ. பைப்பை ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக, வரிசைக்கு வரிசை மாற்றி, வெளிப்பக்கம் சரிவாக வையுங்கள். மேலே சரிவிலிருந்து வரும் நீரைச் சுவருக்கு வரவிடாமல் ஒரு வாய்க்கால் எடுத்துப் பக்கவாட்டில் திருப்பிவிடவேண்டும். பலரும் விடுவது இந்த வாய்க்காலைத்தான்.

காலம் பார்த்து இறங்குங்கள். மண் வெட்டும் வேலை ஜனவரியில் தொடங்கி ஏப்ரலுக்குள் முடியவேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெங்கல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது நினைவிருக்கும். கொண்டை ஊசி வளைவுகள் ஏறித்தான் எல்லாச் சாமானும் வரவேண்டும் என்பதால் மழைக்காலத்துக்கு இரண்டு வாரச் சிமெண்டும் கம்பியும் மேலே இருப்பு வையுங்கள். ஆனால் சிமெண்டை அதற்கு மேல் சேர்க்காதீர்கள். அந்த ஈரத்தில் மூட்டை கட்டிதட்டிவிடும். பலகை மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி, தார்ப்பாய் மூடி வைக்கவேண்டும்.

ஹோம்ஸ்டேவுக்கு முன் உங்கள் கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழும எல்லைக்குள் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அதன் ஒப்புதல் கைக்கு வந்த பிறகே ஜே.சி.பி.யை ஏற்றுங்கள்.

ஐந்து ரோடு பக்கம் மூன்று மாடி வணிகக் கட்டடம். வாரா வாரம் மீட்டிங் போடுகிறோம், எல்லோரும் தலையாட்டுகிறார்கள், வேலை மட்டும் பின்தங்குகிறது. எதை அளக்கவேண்டும்?
– வாசகர், சூரமங்கலம்

சொன்னதில் எத்தனை நடந்தது என்பதை. திங்களன்று ஒவ்வொரு மேஸ்திரியும் அந்த வாரம் முடிக்கப்போவதை அவர் வாயாலேயே சொல்லட்டும்: "முதல் மாடி வடக்குப் பக்கம் நாலு பில்லர் கான்கிரீட்" என்கிற மாதிரி, முடிந்ததா இல்லையா என்று பார்த்தவுடன் தெரிகிற வேலையாக. சனிக்கிழமை இருபதில் எத்தனை முடிந்தது என்று எண்ணுங்கள். பன்னிரண்டு என்றால் 60 சதவீதம். முடியாத எட்டுக்கும் பக்கத்தில் ஒரு காரணம் மட்டும் எழுதுங்கள்: ஆள் வரவில்லை, சாமான் வரவில்லை, டிராயிங் வரவில்லை, முன்வேலை முடியவில்லை. ஒரு மாதம் எழுதினால் எந்தக் காரணம் திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துவிடும். பல தளங்களில் அது ஆள் பற்றாக்குறையாக இருக்காது, டிராயிங்காகவோ உரிமையாளரின் முடிவாகவோ இருக்கும். உரிமையாளர்களுக்கு இது பிடிக்காது.

அபாயப் பட்டியல் என்று ஐம்பது வரி எழுதிக் கோப்பில் வைப்பவர்கள் உண்டு. எட்டு வரி போதும். என்ன நடக்கலாம், எந்த அறிகுறி முதலில் தெரியும், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், நடந்தால் எவ்வளவு செலவு. லிஃப்ட் ஆர்டர், டிரான்ஸ்பார்மருக்கான மின்வாரிய அனுமதி, பணிநிறைவுச் சான்று மூன்றும் கட்டாயம் இருக்கவேண்டும். கடைசி மாதத்தில் கட்டடத்தைப் பூட்டிவைப்பவை இவைதான். எதிர்பாராச் செலவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு 10 சதவீதம் என்று போடாமல் வரிக்கு வரி கணக்கிடுங்கள்: நடக்க 30 சதவீத வாய்ப்பு, நடந்தால் 4 லட்சம் என்றால் 1.2 லட்சம். எட்டையும் கூட்டினால் உங்கள் கட்டடத்துக்கான தொகை வந்துவிடும்.

ஒரு கொத்தனார் நாளைக்கு எவ்வளவு கட்டுவார் என்று புத்தகத்தில் தேடவேண்டாம். முதல் வாரம் உங்கள் தளத்திலேயே அளந்து அதையே அளவுகோலாக வையுங்கள். நாள்காட்டியில் பொங்கல், தீபாவளி மட்டும் குறித்தால் பத்தாது. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு உள்ளூர் ஆட்கள் வரமாட்டார்கள், ஹோலிக்கும் சத் பூஜைக்கும் வடமாநில ஆட்கள் ஊருக்குப் போவார்கள். உபரி நாட்களை ஒவ்வொரு வேலைக்கும் இரண்டிரண்டாகப் பிரித்துக் கொடுத்தால் எல்லோரும் சாப்பிட்டுவிடுவார்கள்; மொத்தமாகக் கடைசியில் வைத்து நீங்களே கையில் வைத்திருங்கள். திறப்புவிழாப் பத்திரிகையை அடித்துவிட்டுத் தேதிக்காகக் காயாத பூச்சின்மேல் பெயிண்ட் அடிப்பது வேண்டாம். ஆறு மாதத்தில் உப்புப் பூத்து உரியும்.

ரூஃப் போட்டு ஏழு நாளில் முட்டு பிரித்துவிடலாம் என்கிறார் சென்ட்ரிங் காரர். ஹால் 15 அடி அகலம். சரியா?
– வாசகி, ஓமலூர்

சரியில்லை. 4.5 மீட்டர் வரையுள்ள தளத்துக்குத்தான் ஏழு நாள். 15 அடி என்பது 4.57 மீட்டர், எனவே 14 நாள். 6 மீட்டர் வரையுள்ள பீமுக்கும் 14, அதற்கு மேல் 21. இதுவும் ஓ.பி.சி. என்கிற சாதாரண சிமெண்டுக்கு. இப்போது பெரும்பாலும் வருவது சாம்பல் போன்றவை கலந்த பி.பி.சி., அதற்கு இன்னும் சில நாள் கூட்டிக்கொள்ளுங்கள், தண்ணீரும் குறைந்தது பத்து நாள் கட்டி நிற்கவேண்டும். சின்ன அறைகளின் முட்டுகளை முதலில் பிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள், அவருக்கும் ஷீட் கிடைக்கும்.

சாரத்திலிருந்து ஆள் விழுந்தால் கான்ட்ராக்டர் பொறுப்பு என்று எழுதி வாங்கியிருக்கிறோம். போதும்தானே? வெடிப்பு வந்தால் ஐந்து வருடம் பில்டர் பொறுப்பு என்று ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் இருக்கிறதாமே?
– வாசகர், ஆத்தூர்

முதலாவது போதாது. கான்ட்ராக்டரால் கொடுக்கமுடியாவிட்டால் இழப்பீட்டுக்கு உங்களிடமும் வரலாம். தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி எடுத்திருக்கிறாரா, அதில் உங்கள் தளத்து முகவரியும் ஆள் எண்ணிக்கையும் இருக்கிறதா என்று நகல் வாங்கிப் பாருங்கள். பாலிசி முடியும் தேதி உங்கள் வேலை முடியும் தேதிக்குப் பிறகு இருக்கவேண்டும். வேலை இழுத்தால் நீட்டிக்க மறந்துவிடுகிறார்கள். கட்டுமானத்தில் இருக்கும் கட்டடத்துக்குத் தனி பாலிசி உண்டு, வெள்ளம், தீ, திருட்டுக்கு அது உதவும். மோசமான டிசைனைச் சரிசெய்யும் செலவை அதில் எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டாவது, 2016-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் ஃபிளாட்டோ மனையோ விற்கிற புரமோட்டருக்கு. சொந்த மனையில் நீங்கள் கான்ட்ராக்ட் விட்டுக் கட்டினால் அந்த ஐந்து வருடம் தானாக வராது. வேண்டுமானால் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: எந்தெந்தக் குறைக்கு, எத்தனை வருடம், சொன்ன எத்தனை நாளில் சரிசெய்யவேண்டும், செய்யாவிட்டால் பிடித்துவைத்த தொகையில் நீங்களே செய்துகொள்ளும் உரிமை. ஒழுகலையும் வெடிப்பையும் தனித்தனி வரியாக எழுதுங்கள்.